ஆடியோ செட்டில் கேட்கும் ‘உம்’ ஓசையை விரட்டுவது எப்படி?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டில், இரவு ஒன்பது மணிக்கு மேல் தெரு அடங்கிய பிறகு கச்சேரிப் பதிவுகளைக் கேட்பது என் வழக்கம். பாடகர் மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களில், தம்பூராவுக்கு அடியில் இன்னொரு தம்பூரா மீட்டப்படுவதுபோல ஓர் ஓசை நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தது. பதிவில் உள்ளதுதான் என்று எண்ணியிருந்தேன். ஒருநாள் பாட்டை நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். ஆம்ப்ளிஃபையர், டி.வி. போன்றவற்றுக்குள் அது நேர்மின்சாரமாக மாறும்போது 100 ஹெர்ட்ஸில் ஓர் அலை எஞ்சி நிற்கும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் மந்தர ஸ்தாயி பஞ்சமமோ (கீழ் ஸ்தாயியின் ‘ப’ ஸ்வரம்) ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ். ஆக, இரைச்சல் பஞ்சமத்தின் தோளோடு தோள் உரசிக்கொண்டு, விநாடிக்கு இரண்டு முறை அலைந்தபடி, சுருதி சேராமல் உட்கார்ந்திருந்தது. ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

அதற்கு நான் முதலில் செய்தது தவறான காரியம். விலை கூடிய மின் வடிகட்டிப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். இரைச்சல் இம்மியும் குறையவில்லை. பின்னர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இரண்டு நாள் உட்கார்ந்து தேடியபோதுதான், இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றது தெரிந்தது. பெட்டி வாங்கும் முன் அந்தத் தேடலைச் செய்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். எனவே, எந்த வரிசையில் நான் தேடியிருக்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்குவது, கேட்பது, குறித்துக்கொள்வது ஆகிய மூன்றும் நம் வேலை. சுவிட்ச் போர்டைக் கழற்றுவதும் மீட்டர் போர்டைத் தொடுவதும் உரிமம் பெற்ற ஒயர்மேனின் வேலை. ஆம்ப்ளிஃபையரின் மூடியைத் திறப்பதும் நம் வேலையன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் மின்னேற்றத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

முதல் படி: இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று காதால் பிரிப்பது

‘கரண்ட் சரியில்லை’ என்று மின்வாரியத்தையோ, புதுச்சேரிக்காரராக இருந்தால் மின்துறையையோ குறை சொல்வது எளிது. மின்சாரம் நம் மாவட்டத்து நெய்வேலியிலேயே உற்பத்தியாகிறது என்பதால் அங்கிருந்தே தூய்மையாக வரவேண்டும் என்று வாதாடிய நண்பர் ஒருவரும் எனக்கு உண்டு. உண்மையில் நாம் கேட்கும் இரைச்சலில் பெரும்பகுதி நம் வீட்டுக்குள்ளேயோ, ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பகிர்ந்துகொள்ளும் அக்கம்பக்கத்து வீடுகளிலோதான் பிறக்கிறது.

ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, பாட்டு எதையும் ஓடவிடாமல், வால்யூமை முழுவதும் குறையுங்கள். முதலில் கவனிக்க வேண்டியது, ஓசை ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, ஆம்ப்ளிஃபையர் பெட்டியிலிருந்து வருகிறதா என்பது. பெட்டியே முனகினால் அது உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகளோ சுற்றுகளோ அதிர்கிற ஓசை. வயரை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. பெட்டிக்கு அடியில் ரப்பர் துண்டு வைப்பதும், பெட்டியைத் தள்ளி வைப்பதும் ஓரளவு உதவும்.

ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்றால் வால்யூமைத் திருகிப் பாருங்கள். கூட்டினாலும் குறைத்தாலும் இரைச்சல் ஒரே அளவில் நின்றால், கோளாறு ஆம்ப்ளிஃபையரின் கடைசிப் பகுதியிலோ அதன் பவர் சப்ளையிலோ இருக்கிறது. பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய செட்டுகளில் ஃபில்டர் கெபாசிட்டர்கள் உலர்ந்துபோவதே இதற்கு வழக்கமான காரணம். அவற்றை மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுவதோடு கதை முடிந்தது. வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் ஏறினால், அது வெளியிலிருந்து வயர் வழியாக உள்ளே நுழைகிறது என்று பொருள். அப்போது ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, பின்புறத்தில் உள்ள இன்புட் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, மீண்டும் போட்டுக் கேளுங்கள். அணைக்காமல் கழற்றவோ செருகவோ கூடாது, அந்த வயர்களின் முனையில் உள்ள ஆர்.சி.ஏ. பிளக்கைச் செருகும்போது நடு ஊசிதான் முதலில் தொடும், வெளி வளையம் பிறகுதான் தொடும் என்பதால் அந்தக் கண இடைவெளியில் ஸ்பீக்கர் ‘டம்’ என்று அடிக்கும், சில சமயம் அதன் கம்பிச்சுருளே எரிந்துபோகும்.

வயர்களைக் கழற்றியதும் அமைதியாகிவிட்டால் நல்ல சேதி: ஆம்ப்ளிஃபையரில் குற்றமில்லை. இனி ஒவ்வொரு வயராகத் திரும்பச் செருகி, எந்த வயரோடு இரைச்சல் திரும்புகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் டி.வி.யிலிருந்து வரும் வயரைச் செருகியதும் ‘உம்’ திரும்பியது.

ஓசையின் தன்மையையும் குறித்துக்கொள்ளுங்கள். கனத்த, மென்மையான ‘உம்’ பெரும்பாலும் எர்த் சுழற்சியாலோ (நான்காம் படியில் விளக்கியிருக்கிறேன்) டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தாலோ வருவது. வண்டு ரீங்கரிப்பதுபோலக் கூர்மையாக ‘கிர்ர்’ என்று கேட்டால் விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர், ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். எப்போதாவது ஒரு ‘டப்’ என்றால் ஃபிரிட்ஜோ மோட்டாரோ இயங்கத் தொடங்குகிறது. ‘கரகர’ என்று ஒழுங்கில்லாமல் வந்தால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்து பொறி பறக்கிறது. அதை இசைப் பிரச்சினை என்று எண்ணாமல் தீ விபத்துக்கான முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு அன்றே ஒயர்மேனை அழைக்க வேண்டும்.

இரண்டாம் படி: வீட்டுக்குள் இருக்கும் குற்றவாளிகள்

ஒருவர் செட்டுக்கு அருகில் காது வைத்திருக்க, மற்றொருவர் வீட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போக வேண்டும். சுவிட்சை மட்டும் அணைக்காமல், முடிந்தவற்றைப் பிளக்கிலிருந்தே பிடுங்குவது நல்லது. ஃபேன் ரெகுலேட்டரில் இரண்டு வகை உண்டு. தங்குதடையின்றி வழுக்கித் திரும்பும் வகை, மின் அலையை ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் வெட்டி வேகத்தைக் குறைப்பது. ‘கிர்ர்’ ஓசைக்கு அதுவே முதற்காரணம். ‘டிக், டிக்’ என்று படிப்படியாக நிற்கும் வகை கெபாசிட்டரால் வேகத்தைக் குறைப்பதால் அவ்வளவு தொல்லை தராது. கூடத்து ரெகுலேட்டரை இரண்டாம் வகைக்கு மாற்றுவது, இந்தக் கட்டுரையில் உள்ள வைத்தியங்களிலேயே செலவுக்கேற்ற பலன் மிகுந்தது என்பது என் கருத்து. உடனடிச் சோதனை வேண்டுமானால் ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். ‘கிர்ர்’ மறைந்தால் குற்றவாளி அதுதான்.

செல்போன் சார்ஜர், வைஃபை பெட்டியின் அடாப்டர், கொசு அடிக்கும் மட்டை சார்ஜாகும் இடம், அலங்கார எல்.இ.டி. சரம் என்று சின்னச் சின்னப் பொருள்களையும் விடாதீர்கள். நம் பக்கத்து வீடுகளில் பலவற்றில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அது சதுர அலை வகையாக இருந்தால், மின்வெட்டின்போது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள எந்த ஆம்ப்ளிஃபையரும் முனகத்தான் செய்யும். சைன் அலை வகைக்கு அந்தக் குறை குறைவு. கரண்ட் இருக்கும்போதும் பேட்டரியை ஏற்றிக்கொண்டிருக்கும் பகுதி இரைச்சலைத் தரக்கூடும் என்பதால், இன்வெர்ட்டரைச் சற்று நேரம் முழுவதுமாக அணைத்தும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

உயர் அதிர்வெண் இரைச்சலைத் தேடுவதற்கு ஒரு பழைய கருவி கைகொடுக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவை மத்திய அலையில், எந்த நிலையமும் இல்லாத இடத்தில் நிறுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். குற்றமுள்ள விளக்கின் அருகில் போனதும் ரேடியோ கத்தும். தாத்தா காலத்து டிரான்சிஸ்டர் பரணில் கிடந்தால் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் 50 ஹெர்ட்ஸ் ‘உம்’மை இது காட்டிக்கொடுக்காது.

மூன்றாம் படி: எர்த்

கடலோரத்தில் வசிப்பவர்கள் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். மூன்று முனைப் பிளக்கில் தடித்து நீண்டிருக்கும் மேல் முனை எர்த். அதன் முதல் கடமை உயிரைக் காப்பது. இரைச்சலைக் குறைப்பது இரண்டாம் கடமை. இன்றைய டி.வி., கணினி, செட்டாப் பாக்ஸ் போன்றவற்றின் பவர் சப்ளையில், இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடுவதற்கென்றே சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாதபோது அவை வடித்த கசிவு மின்சாரம் போக்கிடம் தெரியாமல் உலோகப் பெட்டியிலேயே நிற்கும். பெட்டியைப் புறங்கையால் தடவும்போது எறும்பு ஊர்வதுபோலச் சுருசுருவென்று இருப்பதும், டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிவதும் அதனால்தான். அந்தக் கசிவு கடைசியில் ஆடியோ வயரின் வெளிக்கவசத்தைத் தனக்குப் பாதையாக்கிக்கொள்ளும். அப்போது ஸ்பீக்கர் ரீங்கரிக்கும்.

கையாளத் தெரிந்தவரிடம் மல்ட்டிமீட்டர் இருந்தால் பிளக் பாயிண்டில் மூன்று அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலுக்கும் (அது திரும்பிப் போகும் வயர்) இடையே 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருப்பது இயல்பு. இரண்டாவது அளவு மிகவும் குறைந்தோ, நிலையில்லாமல் ஏறி இறங்கியோ காட்டினால் எர்த் அறுந்திருக்கிறது. மூன்றாவது அளவு, வீட்டில் ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அப்பட்டமான பூஜ்ஜியமாகவே நின்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம். யாரோ சோம்பேறித்தனமாகப் பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருக்கக்கூடும். நியூட்ரல் அறுந்த நாளில் அந்த வீட்டின் உலோகப் பெட்டிகள் அனைத்திலும் 230 வோல்ட் ஏறிவிடும்.

எங்கள் வீட்டில் எர்த் அறுந்திருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது கொல்லையில் இருந்த முருங்கை மரம் சாய்ந்தது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்தியபோது எர்த் குழாயில் முறுக்கியிருந்த கம்பி அறுந்ததை யாரும் கவனிக்கவில்லை. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. எர்த் இல்லாத குறையை அவை எப்படிச் சொல்லும்? ஆண்டுகள் கழித்து ஒரு பாடகரின் பஞ்சமம் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

புயல் வராத வீடுகளிலும் உப்புக்காற்று தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை போன்ற கடலை ஒட்டிய பகுதிகளில், இரும்புக் குழாயும் செம்புக் கம்பியும் சேரும் இடம் சில ஆண்டுகளிலேயே பச்சையும் துருவுமாக அரித்துவிடும். வெவ்வேறு உலோகங்கள் ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் தொட்டுக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒயர்மேனைக் கொண்டு அந்தக் கிளாம்பைக் கழற்றிச் சுரண்டி இறுக்கிவிடச் சொல்ல வேண்டும். மணற்பாங்கான நிலம் கோடையில் விரைவில் உலர்ந்துவிடும் என்பதால், சித்திரை, வைகாசி மாதங்களில் எர்த் குழியில் அவ்வப்போது இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதும் நல்ல பழக்கம். குழியில் கரியும் உப்பும் போடுவது வழக்கம்தான். ஆனால் உப்பு மின்தடையைக் குறைக்கும் அதே வேகத்தில் குழாயையும் தின்னும்.

இரண்டு செயல்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். முதலாவது, இரைச்சல் போகிறது என்பதற்காக எர்த் முனையை வெட்டுவது, அல்லது இரண்டு முனைக் கன்வெர்ட்டரில் செருகுவது. இரைச்சல் போகவும் செய்யும். ஆனால் ஆம்ப்ளிஃபையருக்குள் ஒரு வயர் அறுந்து பெட்டியைத் தொட்ட நாளில், அதைத் தொடுபவர் வழியாகத்தான் மின்சாரம் தரைக்குப் போகும். இரண்டாவது, ஆடியோ செட்டுக்கென்று தோட்டத்தில் தனியாக ஒரு கம்பியைப் புதைத்து, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் எர்த் கொடுப்பது. இரண்டு எர்த்துகளுக்கும் இடையே எப்போதும் சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கும். இரைச்சல் கூடத்தான் செய்யும். பக்கத்தில் இடி விழுந்தால் அந்த வேறுபாடு ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி, உங்கள் செட்டின் வழியே சமன்படும்.

நான்காம் படி: எர்த் சுழற்சியை அறுப்பது

எர்த் கம்பியைச் சரிசெய்ததும் எங்கள் வீட்டில் ‘கிர்ர்’ போயிற்று; கனத்த ‘உம்’ மட்டும் நின்றது. இது விந்தையாகத் தோன்றலாம். ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் இடையே எர்த் இரண்டு பாதைகளில் இணைந்திருந்தால், அவை சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். அந்த வளையத்தில் ஓடும், 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்த மின்னோட்டம் ஆடியோ வயரின் கவசத்தின் வழியாகவும் ஓடுவதால், அது இசையோடு சேர்ந்துவிடுகிறது.

முதல் வைத்தியம் செலவில்லாதது. டி.வி., செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர், கணினி ஆகிய எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து, ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வழியாக ஓட்டுங்கள். 6 ஆம்பியர் பாயிண்ட் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரை தாங்கும். வீட்டு ஆடியோ செட்டுக்கும் டி.வி.க்கும் அது தாராளம். மூன்று பேஸ் உள்ள வீடாக இருந்தால், செட்டின் ஒரு பகுதி ஒரு பேஸிலும் மற்றொன்று வேறு பேஸிலும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக வயரிங் செய்பவர்கள், கூடத்துக்கு எம்.சி.பி. பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன் ஒன்றை இழுத்து, அதில் ஃபிரிட்ஜையும் ஏ.சி.யையும் சேர்க்காமல் விட்டுவிடலாம்.

அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது கேபிள் டி.வி.யின் தடித்த கருப்பு வயர். தெருக் கம்பங்களில் ஏறி இறங்கி வரும் அந்த வயரின் கவசம் எங்கோ வேறோர் இடத்தில் எர்த் ஆகியிருக்கும். நம் வீட்டு எர்த்தோடு அது சேரும்போது வளையம் முழுமையாகிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து அந்த வயரைத் திருகிக் கழற்றினேன், ‘உம்’ மறைந்தது. மூன்று மாதம் படுத்திய இரைச்சல் கால் நிமிடத்தில் போனபோது, அலமாரியில் கிடந்த வடிகட்டிப் பெட்டியைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. கேபிள் வயருக்கென்று விற்கும், மின் தொடர்பை அறுத்துச் சிக்னலை மட்டும் விடும் ஐசொலேட்டரைச் செட்டாப் பாக்ஸுக்கு முன்னால் மாட்டினால் படம் தடையின்றி வரும், இரைச்சல் வராது. மாடியில் டிஷ் வைத்திருப்பவர்கள் இதை மாட்டக் கூடாது. டிஷ்ஷின் தலைப்பகுதிக்கு வேண்டிய மின்சாரமே அந்த வயர் வழியாகத்தான் ஏறுகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும்.

அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. டி.வி.யிலும் ஆம்ப்ளிஃபையரிலும் ஆப்டிகல் வாய் இருந்தால் அந்த வயரைப் பயன்படுத்துங்கள். அதில் ஒளிதான் போகிறது, மின்சாரம் போவதில்லை என்பதால் வளையம் உருவாக வழியே இல்லை. அதுவும் இல்லையென்றால், ஆர்.சி.ஏ. வயருக்கு நடுவே மாட்டும் சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டர் உதவும். மலிவானவை மிருதங்கத்தின் தொப்பி ஓசையை (இடப்பக்கத்துக் கனத்த ஓசை) சற்று மெலியவைத்துவிடும் என்பதால், வாங்குமுன் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மடிக்கணினியிலிருந்து பாட்டுக் கேட்பவர்கள் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: வயர்களின் இருப்பிடமும் இணைப்புகளும்

பவர் வயரும் ஆடியோ வயரும் ஒரே கட்டாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். பார்வைக்கு அழகுதான், காதுக்கு நல்லதன்று. இரண்டுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்குத்தாகக் குறுக்கிடச் செய்யுங்கள். மீந்த வயரைச் சுருட்டி ஆம்ப்ளிஃபையரின்மேல் வைக்காதீர்கள். இசைத்தட்டு சுழற்றுபவர்களுக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தட்டில் ஊசி எழுப்புவது சில மில்லிவோல்ட் மட்டுமே என்பதால், அதனோடு ஒட்டும் இரைச்சலும் பல மடங்காகப் பெருக்கப்படும். டர்ன்டேபிளிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் கம்பியை ஆம்ப்ளிஃபையரின் பின்திருகில் மறக்காமல் இறுக்க வேண்டும்.

உப்புக்காற்று பிளக்குகளையும் விடுவதில்லை. ஆர்.சி.ஏ. முனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செட்டை அணைத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, செருகும்போது இப்படியும் அப்படியும் திருகிச் செருகுங்கள். பிளக்கை மாட்டினால் தொளதொளவென்று ஆடும் பாயிண்டுகளை மாற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: இனியும் மிச்சமிருந்தால் வாங்க வேண்டியவை

ஃபெரைட் வளையம் மலிவானது; ரேடியோ அதிர்வெண் இரைச்சலைக் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. வயரை அதற்குள் ஒரு முறைக்குப் பதிலாக இரண்டு முறை சுற்றினால் பலன் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஸ்பைக் பஸ்டர் மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கிறது, இரைச்சலை வடிகட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஸ்டெபிலைசரும் அப்படியே, வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவுக்கு அது தேவை, ஆனால் அதன் ரிலே அடிக்கும் ‘டக்’ ஓசை செட்டில் கேட்கலாம். பக்கத்தில் பட்டறையோ மாவு மில்லோ உள்ளவர்களுக்கு மட்டும் நல்ல ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைப் பரிந்துரைப்பேன். அதையும் எர்த்தோடு, ஒயர்மேனைக் கொண்டு, செட்டிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும் தடித்த பவர் வயர்களைப் பற்றி என் கருத்து சுருக்கமானது: சுவருக்குள் இருபது மீட்டர் சாதாரண வயரில் வந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் திருத்திவிடாது.

எங்கே நிறுத்துவது என்பதற்கும் ஓர் அளவு வேண்டும். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமில், வழக்கமாக உட்காரும் இடத்தில், பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஸ்பீக்கருக்கு ஒரு சாண் அருகில் காதை வைத்தால் மட்டும் மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்பது எந்த ஆம்ப்ளிஃபையருக்கும் இயல்பு. உட்காரும் இடத்துக்கு அது வந்து சேரவில்லை என்றால் திருப்புளியைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஆலாபனையை முதலிலிருந்து ஓடவிடலாம்.